அறுவை சிகிச்சைக்குப் பின் வயிற்றுப்போக்கு: நிறுத்துவதா, விடுவதா, எதைக் கொண்டு?

இடுப்பு மூட்டு மாற்று அறுவை சிகிச்சை முடிந்த ஒன்பதாம் நாள், வீட்டில் இருந்த என் பெரியம்மாவுக்கு வயிற்றுப்போக்கு தொடங்கியது. மணிக்கு ஒரு முறை, கொஞ்சம் கொஞ்சமாக, பழுப்பு நீராகக் கசிந்தது. வாக்கரைப் பிடித்துக்கொண்டு கழிப்பறைக்குப் போய்ச் சேர்வதற்குள் புடவை நனைந்துவிடுகிறது என்பதால் அவர் சாப்பிடுவதையே குறைத்துவிட்டார். நான் தெருமுனை மருந்துக்கடைக்குப் போய், "ஆபரேஷன் பண்ணினவங்களுக்கு வயித்தால போகுது, நிக்கிற மாதிரி ஒரு மாத்திரை குடுங்க" என்று கேட்டேன். கடைக்காரர் லோபரமைடு அட்டை ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தார், ஆனால் அதன்மேல் வைத்த கையை எடுக்காமல், "கடைசியா கெட்டியா எப்பங்க போனாங்க?" என்றார். எனக்குத் தெரியவில்லை. வீட்டுக்குப் போன் செய்து கேட்டேன். ஆபரேஷனுக்குப் பிறகு ஒரு முறைகூடக் கெட்டியாகப் போகவில்லை என்று பெரியம்மா சொன்னார். கடைக்காரர் அட்டையை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு, ஆபரேஷன் செய்த டாக்டரிடம் முதலில் காட்டச் சொன்னார்.

அவர் சந்தேகப்பட்டது சரிதான். வலிக்காகக் கொடுக்கப்பட்ட டிரமடால் குடலின் அசைவை மந்தமாக்கியிருந்தது. படுத்தபடியே இருந்ததும், கழிப்பறைக்குப் போக அஞ்சித் தண்ணீரைக் குறைத்ததும் சேர்ந்து மலக்குடலில் கல்லாக ஒரு கட்டி அடைத்திருந்தது. அதன் ஓரங்களில் வழிந்து வந்த நீர்தான் வயிற்றுப்போக்குபோல் தெரிந்தது. அந்த நிலையில் குடலை இன்னும் நிறுத்தும் மாத்திரையைக் கொடுத்திருந்தால், ஏற்கெனவே பூட்டிய கதவுக்கு இன்னொரு பூட்டைப் போட்டதாகியிருக்கும். எனிமாவும் மலமிளக்கியும் கொடுத்த பிறகு இரண்டு நாளில் சரியாயிற்று. வயிற்றுப்போக்குக்கு மலமிளக்கி மருந்தா என்று உறவினர்கள் வியந்தார்கள்.

இந்த அனுபவத்துக்குப் பிறகு, எந்த மாத்திரை நல்லது என்ற கேள்வியை நான் முதலாவதாக வைப்பதில்லை. அறுவை சிகிச்சை முடிந்து தேறிவரும் ஒருவருக்குப் போக்கு ஏற்பட்டால் குடும்பத்தின் முன் உண்மையில் சில வழிகள் இருக்கின்றன: நீரிழப்பை மட்டும் ஈடுகட்டிக்கொண்டு காத்திருப்பது, போக்கைத் தூண்டும் மருந்தைக் கண்டுபிடித்து நிறுத்துவது, குடலின் வேகத்தைக் குறைக்கும் மாத்திரை தருவது, குடலில் நீர் சுரப்பதைக் குறைக்கும் மாத்திரை தருவது, பித்த அமிலத்தைப் பிடித்து வைக்கும் தூளைத் தருவது. இவற்றில் எது பொருந்தும் என்பதை மாத்திரையின் தரத்தைவிட, என்ன அறுவை சிகிச்சை, அது முடிந்து எத்தனையாவது நாள், போக்கு எப்படிப்பட்டது என்ற மூன்றுமே பெரும்பாலும் முடிவு செய்கின்றன.

வயிற்றைத் திறந்து, குடலின் ஒரு பகுதியை வெட்டி, இரு முனைகளையும் இணைத்த அறுவை சிகிச்சையை முதலில் எடுத்துக்கொள்வோம். குடல் மீண்டும் இயங்கத் தொடங்கும்போது முதல் சில முறை மலம் தளர்வாகப் போவது இயல்பு. அது நல்ல அறிகுறியும்கூட. பெருங்குடலின் வலப்பகுதியை அகற்றியவர்களுக்கும், மலக்குடலில் தாழ்வாக இணைப்புப் போட்டவர்களுக்கும் பல வாரங்கள் அடிக்கடி போவது உண்டு. ஆனால் இணைப்பில் கசிவு ஏற்படுவதும் பெரும்பாலும் முதல் வாரத்தின் பிற்பகுதியிலோ இரண்டாம் வாரத்திலோதான். அதாவது, பலர் வீட்டுக்கு வந்துவிட்ட பிறகு. கசிவினால் இடுப்புக்குழியில் சீழ் சேர்ந்தால் அது மலக்குடலின் சுவரை உறுத்தும். உறுத்தலால் சளி கலந்த மலம் சிறிது சிறிதாக, போய்க்கொண்டே இருக்க வேண்டும் என்ற உந்துதலோடு வரும். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு அது வெறும் பேதிதான். காய்ச்சல், ஓய்வாகப் படுத்திருக்கும்போதும் நிமிடத்துக்கு நூறைத் தாண்டும் நாடித் துடிப்பு, முந்தைய நாளைவிடக் கூடும் வயிற்றுவலி, வயிறு உப்பி இறுகுதல், வாந்தி ஆகியவற்றில் ஒன்று சேர்ந்திருந்தாலும் மாத்திரைப் பேச்சே எழக் கூடாது. அன்றே அறுவை மருத்துவரிடம் போக வேண்டும், அவர் கிடைக்காவிட்டால் 108-ஐ அழைக்க வேண்டும். இந்த இடத்தில் நிறுத்தும் மாத்திரை செய்யும் பெரிய தீங்கு, அறிகுறியை ஒரு நாளோ இரண்டு நாளோ மறைத்துவிடுவது.

அடுத்தது, ஆன்டிபயாடிக் சாப்பிட்டவர்கள். அறுவை சிகிச்சை செய்துகொண்ட ஏறத்தாழ எல்லோருக்கும் ஏதாவது ஒரு ஆன்டிபயாடிக் போயிருக்கும். பெரும்பாலானோருக்கு அதனால் வரும் போக்கு லேசானது; மருந்து முடிந்ததும் தானே அடங்கும். ஆனால் க்ளாஸ்ட்ரிடியாய்டிஸ் டிஃபிசில் என்ற நுண்ணுயிர், குடலின் வழக்கமான நுண்ணுயிர்கள் அழிந்த இடத்தில் பெருகி நச்சை வெளியிடும்போது கதை வேறு. கிளிண்டாமைசின், செஃபலோஸ்போரின் வகைகள், சிப்ரோஃப்ளாக்சசின், ஓஃப்ளாக்சசின் போன்றவை இதற்கு அதிகம் வழிவிடுபவை; மருந்து முடிந்து சில வாரங்கள் கழித்தும், இரண்டு மூன்று மாதங்கள் வரையிலும் இது வரலாம். இந்த நிலையில் குடலை நிறுத்தி நச்சை உள்ளேயே தேக்கினால் பெருங்குடல் வீங்கி அசைவற்றுப்போகும் ஆபத்தான நிலை உண்டாகலாம் என்பதால், பரிசோதனை முடியும் வரை லோபரமைடு தவிர்க்கப்படுகிறது. நாளுக்கு மூன்று முறையோ அதற்கு மேலோ நீராகப் போனால் மலத்தில் அந்த நச்சைச் சோதிக்கச் சொல்ல வேண்டும். இருப்பது உறுதியானால் வாய்வழி வேன்கோமைசின் போன்ற குறிப்பான சிகிச்சை உண்டு. வீட்டில் இருப்பவர்களுக்கு ஒரு குறிப்பு: இந்த நுண்ணுயிரின் வித்துகள் சானிடைசருக்கு மசியாது, சோப்பும் ஓடும் தண்ணீரும்தான் வேண்டும்.

மருந்துப் பட்டியலைப் பார்ப்பது மிக மலிவான வழி, மிகக் குறைவாகச் செய்யப்படுவதும் அதுவே. மருத்துவமனையில் மலச்சிக்கலுக்காகத் தொடங்கிய லாக்டுலோஸ் சிரப்பை நிறுத்தச் சொல்ல யாரும் நினைவு வைத்திருக்க மாட்டார்கள். டிஸ்சார்ஜ் சீட்டில் அது இரவு வேளைக்கு மூன்று தேக்கரண்டி என்று தொடர்ந்துகொண்டே இருக்கும். மக்னீசியம் சேர்ந்த அமில நீக்கிகள், நீரிழிவுக்கான மெட்ஃபார்மின், இனிப்புக்காகச் சார்பிட்டால் சேர்த்த சிரப்புகள் எல்லாமே மலத்தைத் தளர்த்தக்கூடியவை. மூக்குக் குழாய் வழியாக மாத்திரைக்குப் பதிலாகச் சிரப் மருந்துகளை வாங்குபவர்களுக்கு அந்தச் சார்பிட்டாலே போதுமான காரணமாகிவிடுகிறது. ஒரு மருந்தை எடுத்துவிட்டால் தீரும் போக்குக்கு இன்னொரு மருந்தைச் சேர்ப்பது நம் வீடுகளில் சர்வ சாதாரணம். எதை நிறுத்தலாம் என்பதை மருத்துவர் சொல்ல வேண்டும். ஆனால் பட்டியலை அவர்முன் வைப்பது நம் வேலை.

காத்திருப்பது என்று முடிவானால், வெறுமனே காத்திருக்க முடியாது. உலக சுகாதார நிறுவனம் 2002-இல் மாற்றியமைத்த ஓ.ஆர்.எஸ். கரைசலில் ஒரு லிட்டருக்கு 2.6 கிராம் உப்பு, 13.5 கிராம் குளுக்கோஸ், 1.5 கிராம் பொட்டாசியம் குளோரைடு, 2.9 கிராம் சோடியம் சிட்ரேட் இருக்கும். சோடியமும் குளுக்கோஸும் சேர்ந்து குடல் சுவரைக் கடக்கும்போது நீரையும் இழுத்துச் செல்கின்றன. அந்த விகிதம் மாறினால் பயன் குறையும். ஆகவே ஒரு லிட்டர் பொட்டலத்தை ஒரு டம்ளரில் கரைப்பதும், சுவைக்காகச் சர்க்கரையைக் கூட்டுவதும் தவறு. கடையில் காகிதப் பெட்டியில் விற்ற இனிப்புப் பானங்கள் பல இந்தப் பெயரைத் தாங்கி வந்தன. இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2025 அக்டோபரில்தான் அந்தப் பெயரை எடுக்க உத்தரவிட்டது. வாங்குமுன் உட்கூறுகளைப் படித்துப் பார்ப்பது இன்னும் நல்லது. இதய பலவீனமோ சிறுநீரகக் கோளாறோ உள்ளவர்களுக்கு எவ்வளவு குடிக்கலாம் என்ற அளவையும் கேட்டே கொடுக்க வேண்டும். நீரிழப்புள்ள நேரத்தில் டைக்ளோஃபினாக் போன்ற வலி மாத்திரைகளும், சில ரத்த அழுத்த மாத்திரைகளும், நீர் பிரிக்கும் மாத்திரைகளும் சிறுநீரகத்தைக் கெடுக்கக்கூடும். அவற்றைத் தற்காலிகமாக நிறுத்த வேண்டுமா என்பதையும் அதே தொலைபேசிப் பேச்சில் கேட்டுவிடலாம்.

இனி மாத்திரைகள். லோபரமைடு 1969-இல் பெல்ஜியத்தின் ஜான்சன் ஆய்வகத்தில் உருவானது. அது அபின் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். ஆனால் மூளைக்குள் நுழையாமல் தடுத்து வெளியே தள்ளும் ஒரு புரதம் இருப்பதால், வழக்கமான அளவில் குடலோடு நின்றுவிடுகிறது. குடல் சுவரின் நரம்புப் பின்னலைப் பிடித்து அசைவை மெதுவாக்கி, நீர் உறிஞ்சப்பட நேரம் தருகிறது. ஆசனவாய்த் தசையின் இறுக்கத்தையும் கூட்டுகிறது. மலக்குடலில் தாழ்வாக இணைப்புப் போட்டு, அது நன்றாக ஆறிவிட்டது என்று உறுதியானவர்களுக்கு இந்த இரண்டாவது குணம் பெரிய உதவி; வெளியே போகவே அஞ்சியவர்கள் பேருந்தில் ஏறுகிறார்கள் என்றால் அதற்கு இந்த மாத்திரையே காரணம். பெரியவர்களுக்கு முதலில் 4 மி.கி., பிறகு ஒவ்வொரு தளர்ந்த மலத்துக்குப் பின்னும் 2 மி.கி. என்பது வழக்கமான முறை. மருத்துவரின் மேற்பார்வையில் நாளுக்கு 16 மி.கி. உச்ச வரம்பு, சீட்டில்லாமல் தாமாக எடுப்பவர்களுக்கு அமெரிக்காவில் 8 மி.கி.தான் வரம்பு. இரண்டு நாளில் குறையாவிட்டால் தொடரக் கூடாது. ரத்தம் கலந்த மலம், கடும் காய்ச்சல், வயிறு உப்பல் ஆகியவை இருந்தால் தொடங்கவே கூடாது.

இதயத்தைப் பற்றிய எச்சரிக்கை தனியே சொல்லப்பட வேண்டியது. அளவுக்கு மிஞ்சிய லோபரமைடு இதயத் துடிப்பின் ஒழுங்கைக் குலைத்து உயிருக்கே ஆபத்தாகலாம் என்று அமெரிக்காவின் உணவு மருந்து நிர்வாகம் 2016 ஜூனில் எச்சரித்தது. வழக்கமான அளவில் அந்த ஆபத்து மிகக் குறைவு. ஆனால் அறுவை சிகிச்சைக்குப் பின் வந்தவரின் மருந்துப் பையைத் திறந்து பாருங்கள்: குமட்டலுக்கு ஆன்டன்செட்ரான், வயிற்று எரிச்சலுக்குப் பாண்டோப்ரசோலுடன் சேர்ந்த டாம்பெரிடோன், ஆன்டிபயாடிக்காக ஓஃப்ளாக்சசின். இவை ஒவ்வொன்றும் இதயத்தின் மின் ஓட்டத்தை அதே திசையில் நீட்டிப்பவை. போதாக்குறைக்குப் போக்கினால் பொட்டாசியமும் மக்னீசியமும் இறங்கியிருக்கும். பூஞ்சைக்கான இட்ராகோனசோல், கொழுப்புக்கான ஜெம்ஃபிப்ரோசில் ஆகியவை ரத்தத்தில் லோபரமைடின் அளவை உயர்த்தக்கூடியவை. தனித்தனியே பார்த்தால் ஒவ்வொன்றும் பத்திரம். ஒரே பையில் சேரும்போது கணக்கு மாறுகிறது.

டைஃபினாக்சிலேட்டும் அட்ரோபினும் சேர்ந்த மாத்திரையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வேலை லோபரமைடின் வேலைதான்; ஆனால் டைஃபினாக்சிலேட் மூளைக்குள்ளும் செல்கிறது, அட்ரோபின் வாயை உலர்த்திச் சிறுநீரைத் தடுக்கிறது. ஏற்கெனவே வலி மாத்திரையின் மயக்கத்தில் இருப்பவருக்கும், புராஸ்டேட் வீங்கிய முதியவருக்கும், குழாய் எடுத்த பிறகு சிறுநீர் கழிக்கத் தடுமாறுபவருக்கும் இது வேண்டாத தொல்லை. லோபரமைடு கிடைக்கும் இடத்தில் இதைத் தேர்ந்தெடுக்க எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை.

ரேசிகாடோட்ரில் வேறு வழியில் இயங்குகிறது. குடலில் இயல்பாக உண்டாகும் என்கெஃபலின் என்ற பொருள் சிதைவதை அது தடுக்கிறது. அதனால் குடலுக்குள் நீரும் உப்பும் சுரப்பது குறைகிறது, குடலின் அசைவோ அவ்வளவாக மாறுவதில்லை. பெரியவர்களுக்கு 100 மி.கி. நாளுக்கு மூன்று வேளை என்பது வழக்கம். பிறகு மலச்சிக்கலும் வயிறு உப்புதலும் வருவது லோபரமைடைவிடக் குறைவு. இந்தியாவில் பரவலாகக் கிடைக்கிறது. குறை ஒன்று உண்டு: அரிதாக முகமும் நாக்கும் தொண்டையும் வீங்கும் ஒவ்வாமை வரலாம், ரத்த அழுத்தத்துக்காக எனலாப்ரில், ராமிப்ரில் வகை மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு அந்த வாய்ப்பு கூடுகிறது. முன்பு ஒரு முறை அப்படி வீங்கியவர்கள் இதைத் தொடவே கூடாது.

லோபரமைடையும் ரேசிகாடோட்ரிலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் என் கணிப்பு இது: கசிவும் அடைப்பும் நச்சு நுண்ணுயிரும் இல்லை என்று மருத்துவர் தெளிவாக்கிய பிறகு, சில நாள் மட்டுமே நீடிக்கக்கூடிய நீர்ப்போக்குக்கு ரேசிகாடோட்ரில் எனக்கு மனத்துக்கு நெருக்கம்; டிரமடால் சாப்பிட்டுக்கொண்டிருப்பவருக்கு, குடலை மந்தமாக்கும் இரண்டாவது மருந்தைச் சேர்க்காமல் இருக்க முடிகிறது என்பது முக்கியக் காரணம். வாரக் கணக்கில், மாதக் கணக்கில் அடிக்கடி போகும், குடல் அறுவை சிகிச்சை செய்துகொண்டவருக்கு லோபரமைடுதான் நம்பகமானது. உணவுக்கு அரை மணி முன் எடுத்துக்கொண்டால் சாப்பிட்டவுடன் வரும் அவசரத்தை அது நன்றாகத் தடுக்கிறது. அசைவை நிறுத்தாத மாத்திரைதானே என்று ரேசிகாடோட்ரிலை மருத்துவரிடம் கேட்காமல் கொடுக்கலாம் என்று யாரும் முடிவு கட்டிவிடக் கூடாது. அதுவும் கசிவை ஆற்றாது, நாளைத்தான் கடத்தும்.

பித்தப்பை அகற்றியவர்களுக்கு இந்த இரண்டும் சில வேளை பயனளிக்காமல் போவதுண்டு. சேமித்து வைக்கும் பை இல்லாததால் பித்தம் தொடர்ந்து குடலில் வடிகிறது. சிலருக்கு அதன் அமிலம் பெருங்குடல் வரை சென்று எரிச்சலூட்டி, காலை உணவு முடிந்தவுடன் மஞ்சள் நீராகப் போகச் செய்கிறது. பலருக்கு சில வாரங்களில் தானாக அடங்கும். சிறுகுடலின் கடைசிப் பகுதியை வெட்டியவர்களுக்கும் இதே தொல்லை வரும். பித்த அமிலத்தை மீட்டு உறிஞ்சும் இடம் அதுதான். அங்கே கொலஸ்டிரமின் தூள் காரணத்தையே நேராகப் பிடிக்கிறது. ஆனால் வெட்டிய நீளம் ஏறத்தாழ 100 செ.மீ.-ஐத் தாண்டினால் பித்தமே பற்றாக்குறையாகி, கொழுப்பு செரிக்காமல் போகத் தொடங்கும். அப்போது இந்தத் தூள் நிலைமையை மோசமாக்கும். தைராய்டு மாத்திரையையும் ரத்த உறைதடுப்பு மாத்திரையையும் இது குடலிலேயே பிடித்து வைத்துக்கொள்ளும் என்பதால், மற்ற மருந்துகளைத் தூளுக்கு ஒரு மணி முன்போ, நான்கு முதல் ஆறு மணி நேரம் கழித்தோதான் எடுக்க வேண்டும்.

சிறுகுடலை வயிற்றுக்கு வெளியே திறந்து பை பொருத்தியவர்கள் தனி வகை. பையில் நாளுக்கு ஒன்றரை லிட்டருக்கு மேல் சேர்ந்தால், தாகம் எடுக்கிறது என்று சாதா தண்ணீரைக் குடிக்கக் குடிக்கப் பை இன்னும் வேகமாக நிறையும். உப்பில்லாத நீர் சிறுகுடலுக்குள் உடலின் சோடியத்தை இழுத்து வெளியேற்றுவதே காரணம். நம் ஊரில் நோயாளிக்கு முதலில் நீட்டப்படும் இளநீரில் பொட்டாசியம் அதிகம், சோடியம் மிகக் குறைவு. இவர்களுக்கு அது தண்ணீரைப் போலத்தான். இலண்டனின் செயின்ட் மார்க்ஸ் மருத்துவமனையின் பெயரால் வழங்கும் கரைசல் ஒரு லிட்டருக்கு 20 கிராம் குளுக்கோஸ், 3.5 கிராம் உப்பு, 2.5 கிராம் சோடியம் பைகார்பனேட் கொண்டது. வெறும் தண்ணீர், டீ, ஜூஸ் ஆகியவற்றைச் சேர்த்து நாளுக்கு அரை லிட்டர் முதல் ஒரு லிட்டருக்குள் நிறுத்திவிட்டு மீதியை இந்தக் கரைசலாகக் குடிப்பதுதான் முறை. இங்கே லோபரமைடு நாள்தோறும் தரப்படும் மருந்து. சிறப்பு மருத்துவர்கள் வழக்கத்தைவிடக் கூடிய அளவையும் இ.சி.ஜி. பார்த்துக்கொண்டு தருவதுண்டு. பைக்குள் கேப்சூல் மாத்திரை கரையாமல் அப்படியே வந்து விழுகிறதா என்று பார்த்துச் சொன்னால் அவர்கள் வேறு வடிவத்துக்கு மாற்றுவார்கள்.

ஓஃப்ளாக்சசினும் ஆர்னிடசோலும் சேர்ந்த மாத்திரையைப் பேதிக்கென்று கேட்டு வாங்கும் பழக்கம் இங்கே வேரூன்றிவிட்டது. அறுவை சிகிச்சைக்குப் பின் அதைத் தாமாக எடுப்பதை நான் எல்லா வழிகளிலும் கடைசியில் வைப்பேன். ஆன்டிபயாடிக்கால் வந்த போக்குக்கு இன்னொரு ஆன்டிபயாடிக் எண்ணெய் ஊற்றுவதாகிவிடலாம். ஈஸ்ட் வகைப் புரோபயாடிக் பொட்டலங்கள் தீங்கற்றவையாகத் தோன்றினாலும், கழுத்தின் ரத்த நாளத்தில் குழாய் இருப்பவர்களுக்கு அந்த ஈஸ்ட் ரத்தத்தில் நுழைந்த நிகழ்வுகள் உண்டு; அவர்கள் படுக்கையருகே பொட்டலத்தைப் பிரிப்பதுகூட வேண்டாம். ஜவ்வரிசிக் கஞ்சியும் உப்புப் போட்ட மோரும், உணவுக்குத் தடை இல்லையென்றால், தாராளமாகக் கொடுக்கலாம். மாதுளை ஓட்டுக் கசாயத்தைப் பொறுத்தவரை, கட்டும் என்பதுதான் அதன் புகழ். கட்டலாமா என்று தெரியாத வயிற்றுக்கு அந்தப் புகழே ஆட்சேபம்.

மருத்துவருக்குப் போன் செய்யுமுன் ஒரு தாளில் எழுதிக்கொள்ள வேண்டியவை அதிகமில்லை: அறுவை சிகிச்சையின் பெயரும் நாளும், முந்தைய நாளில் எத்தனை முறை போயிற்று, நிறம், ரத்தமோ சளியோ உண்டா, கடைசியாகக் கெட்டியாகப் போன நாள், காய்ச்சலின் அளவு, நாடித் துடிப்பு, சிறுநீர் கடைசியாகப் போன நேரம், உள்ளே போகும் எல்லா மருந்துகளின் பெயர்கள். இவற்றைச் சொன்னால் பெரும்பாலும் இரண்டு நிமிடத்தில் முடிவு கிடைத்துவிடும். "வயித்தால போகுது டாக்டர்" என்று மட்டும் சொன்னால், அந்தப் பக்கம் இருப்பவர் கண்ணைக் கட்டிக்கொண்டு பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

மருத்துவர் சொல்லி வாங்கிய அட்டையில் மீதி இருக்கும் மாத்திரைகள் பேரப்பிள்ளைகள் ஓடியாடும் வீட்டில் அலமாரியின் கீழ்த்தட்டில் இருக்கக் கூடாது. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு லோபரமைடு கூடவே கூடாது, வளர்ந்த குழந்தைக்கும் மருத்துவர் சொன்னால் மட்டுமே. டைஃபினாக்சிலேட் கலந்ததை விழுங்கிய குழந்தைக்கு மூச்சுத் திணறல் 30 மணி நேரம் கழித்தும் தலைகாட்டக்கூடும் என்பதால், விழுங்கியதாகச் சந்தேகம் இருந்தாலே, குழந்தை விளையாடிக்கொண்டிருந்தாலும், மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டும்.